ஒரே 50 சென்ட், ஒரு ஜோடி மட்டும் ஏன் சின்னது?

கேள்வி: நாங்கள் காவேரிப்பட்டினம். மகள் கல்யாணத்துக்கு ஒற்றைக்கல் வைரத் தோடு பார்க்கிறோம். பெங்களூரிலிருந்து வாங்கித் தருவதாகத் தெரிந்தவர் ஒருவர் இரண்டு ஜோடி கொண்டு வந்தார். எல்லாக் கல்லும் 50 சென்ட் என்கிறார். ஒரு ஜோடி பார்வைக்கே சின்னதாக இருக்கிறது. எடையில் ஏமாற்றுகிறாரா?

பதில்: எடை சரியாகவே இருக்கலாம், அம்மா. பட்டையை, அதாவது கல்லை வெட்டியிருக்கும் விதத்தைப் பாருங்கள்.

ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம். அதில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். அப்படியானால் 50 சென்ட் கல் கிராமில் பத்தில் ஒரு பங்குதான். தங்கத்துக்குச் சொல்லும் 22 காரட் சுத்தத்தின் கணக்கு, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நன்றாகப் பட்டை தீட்டிய 50 சென்ட் வட்டக்கல்லின் முகம் ஏறக்குறைய 5.1 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். ஆழம் அந்த அகலத்தில் 60 சதவீதத்தை ஒட்டி வரும். அகலம் 4.9க்குக் கீழே போனால், மிச்ச எடை கல்லின் அடிவயிற்றிலோ (கீழ்ப்பாகம்) தடித்த இடுப்பிலோ (சுற்று விளிம்பு) இருக்கிறது என்று அர்த்தம். கொட்டை பெருத்த மாம்பழத்துக்கும் தராசு அதே எடையைத்தானே காட்டும்! அந்த அடிவயிற்று எடைக்கும் நீங்கள் முழு விலை கொடுக்கிறீர்கள். ஒளியும் மேலே திரும்பாமல் அடிவழியே கசிந்துவிடுவதால் கல் மங்கலாகத் தெரியும்.

ஏன் அப்படி வெட்டுகிறார்கள்? விலையைக் காரட்டுக்கு இவ்வளவு என்றுதான் பேசுவார்கள். அந்த விலை 50 சென்ட், 1 காரட் என்ற எல்லைகளைத் தாண்டும்போது சட்டென்று ஏறும். அழகாக வெட்டினால் 46 சென்ட்டில் நிற்கும் கல்லை, வயிற்றை விட்டுவைத்து 50 ஆக்கிவிடுகிறார்கள்.

இன்னொன்று, நகையில் பதித்த கல்லைத் தனியாக நிறுக்க முடியாது. அளவெடுத்துக் கணக்குப் போட்டு மதிப்பிடுவதுதான். எனவே பதிப்பதற்கு முன் நிறுத்த எடையைக் கேளுங்கள். இடைத்தரகர் கையால் எழுதிய சீட்டை நம்ப வேண்டாம். "மொத்தம் 1 காரட்" என்ற பேச்சில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். ஏழுகல் தோட்டின் பதினான்கு கல்லும் சேர்ந்து 1 காரட் என்பது வேறு, ஒரே கல் 1 காரட் என்பது வேறு. விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். தங்கத்துக்கு 2021இலிருந்து ஹால்மார்க் கட்டாயம். அந்த முத்திரை தங்கத்தின் சுத்தத்தை மட்டும்தான் சொல்லும், வைரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. வைரத்துக்கும் ஒரு சான்றைக் கட்டாயமாக்க இத்தனை வருடம் எதற்கு? வாங்குகிறவர் தலையிலேயே எல்லாவற்றையும் கட்டிவிடுகிறார்கள்.

பாட்டி காலத்துத் தோடுகளுக்கு மட்டும் இந்தக் கணக்கைப் போடாதீர்கள். அந்தக் காலப் பட்டையே அப்படித்தான், முகம் சின்னது, ஆழம் அதிகம். அதில் மோசடி இல்லை. "பழைய கட்டிங், மதிப்பில்லை" என்று மாற்றிக் கேட்டு வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். மறுபட்டை போட்டால் எடை குறையும், குறைந்தது குறைந்ததுதான். தர்மபுரி, கிருஷ்ணகிரி வீடுகளிலிருந்து நல்ல பழைய கற்கள் இப்படி அடிமாட்டு விலைக்குப் போவதைப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது.

சரி, உங்கள் தோட்டுக்கு வருவோம். வைரத்தைச் சோதித்துச் சான்று தரும் ஆய்வகங்களான ஜிஐஏ அல்லது ஐஜிஐயின் சான்றிதழ் கேளுங்கள். எடை, மில்லிமீட்டர் அளவு, ஆழச் சதவீதம், கட் (பட்டை) தரம் எல்லாம் அதில் இருக்கும். சான்றிதழ் எண்ணை அந்த ஆய்வகத்தின் இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். பில்லில் தங்கத்தின் நிகர எடையும் வைரத்தின் காரட்டும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஐந்து காரட் சேர்ந்தால் ஒரு கிராம், அதைத் தங்க விலையில் சேர்க்க விடாதீர்கள். சான்றிதழ் தர அவர் தயங்கினால் பெரிதாகத் தெரியும் ஜோடியும் வேண்டாம்.