ப்ரையாரிட்டி டேட் 2016 மார்ச், பிறந்த ஊர் திருச்சி: கிரீன் கார்டு எந்த வருடம் வரும்?

நீங்கள் கேட்டிருப்பது இது: பிறந்தது திருச்சி, அமெரிக்க கிரீன் கார்டுக்கு இபி-2 (மேற்படிப்பு படித்தவர்களுக்கான வேலை வழிப் பிரிவு), ப்ரையாரிட்டி டேட் (வரிசையில் நம் இடத்தைக் குறிக்கும் தேதி) 2016 மார்ச், ஐ-140 (கம்பெனி நமக்காகப் போடும் மனு) அப்ரூவ் ஆகிவிட்டது, மகளுக்கு 12 வயது. எந்தத் தேதிக்காரர் வரை முறை வந்திருக்கிறது என்று அமெரிக்க வெளியுறவுத் துறை வெளியிடும் விசா புல்லட்டின் மாதாமாதம் எவ்வளவு நகர்கிறது என்று எக்செல்லில் போட்டு, மீதி தூரத்தை அதால் வகுத்தால் வருடம் தெரிந்துவிடாதா?

தெரியாது. நானும் இதே வரிசையில் பல வருடம் நின்று வெளியே வந்தவன்தான், அந்த எக்செல் ஆபீசில் பாதிப் பேரிடம் இருந்தது, ஆளுக்கொரு வருடம் காட்டியது. புல்லட்டினில் கண்ணுக்குத் தெரிவது தேதி, ஆனால் அதை நகர்த்துவது ஒவ்வொரு தேதியிலும் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதும், அந்த வருடம் எத்தனை கார்டு இருக்கிறது என்பதும். இரண்டுமே வருடத்துக்கு வருடம் மாறும்.

1990-ல் போட்ட சட்டப்படி வேலை வழியாகக் கொடுக்கிற கிரீன் கார்டு வருடத்துக்கு 1,40,000. அதில் இபி-2-வின் பங்கு 28.6 சதவீதம், 40,040. ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற வரம்பைப் போட்டால் இந்தியாவுக்கு வருவது சுமார் 2,800. இதில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தனித்தனியாகக் கழிப்பார்கள். வீட்டுக்கு இரண்டு பேர் என்று குறைத்து வைத்தாலே 1,400 குடும்பம்தான் தேறும். ஐஸ்லாந்துக்கும் அதே 7 சதவீதம்தான், கேட்டால் சமத்துவம் என்பார்கள்.

சரி, அப்படியானால் வரிசை எப்படி அவ்வப்போது வேகமாக ஓடுகிறது? மற்ற நாட்டுக்காரர்கள் எடுக்காமல் விட்டது, யாருடைய தேதி பழையதோ அவர்களுக்குப் போகும், அது பெரும்பாலும் நம் ஆட்கள். கொரோனாவில் தூதரகங்கள் மூடிக்கிடந்ததால் குடும்ப விசா எண்கள் மிஞ்சி, அவை அடுத்த நிதியாண்டில் வேலை வழிக் கணக்கில் சேர்ந்தன. 2021-ல் மொத்தம் சுமார் 2,62,000, 2022-ல் சுமார் 2,81,000. அதனால் 2022 செப்டம்பர் புல்லட்டினில் இபி-2 இந்தியா 2014 டிசம்பர் 1 வரை வந்து நின்றது. அன்றைக்கு உங்கள் எக்செல்லைத் திறந்திருந்தால் ‘அடுத்த வருடம் நமக்குத்தான்’ என்று சொல்லியிருக்கும். அடுத்த மாதமே 2012 ஏப்ரல் 1-க்குப் போய்விட்டது, அதாவது இரண்டு வருடம் எட்டு மாதம் பின்னால். அப்புறம் 2023 அக்டோபரில் 2012 ஜனவரி 1, 2024 அக்டோபரில் 2012 ஜூலை 15, 2025 அக்டோபரில் 2013 ஏப்ரல் 1. இதில் எந்த வேகத்தை எடுத்து வகுப்பீர்கள்?

கணக்குப் போட்டே தீரவேண்டும் என்றால் ஆட்களை எண்ணுங்கள். ஐ-140 அப்ரூவ் ஆகிக் காத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று யுஎஸ்சிஐஎஸ் (அமெரிக்கக் குடியேற்றத் துறை) நாடுவாரியாக, ப்ரையாரிட்டி டேட் வருடவாரியாக ஒரு அட்டவணை போடுகிறது. அதில் உங்களுக்கு முந்தைய வருடங்களைக் கூட்டி, குடும்பத்தினரையும் சேர்த்துப் பாருங்கள். வரும் எண் பயமுறுத்தும், ஆனால் அதை அப்படியே நம்பவும் வேண்டாம். ஒரே ஆள் இபி-2, அதற்கு அடுத்த படியான இபி-3 இரண்டிலும் ஐ-140 வைத்திருப்பார். 2020 அக்டோபரில் இபி-3-யின் ஃபைலிங் தேதி (விண்ணப்பத்தை முன்கூட்டியே போட்டுவைக்க விடும் தேதி) 2015 ஜனவரி 1 வரை தாவியபோது இபி-2 ஆட்கள் கூட்டம் கூட்டமாக டவுன்கிரேட் செய்தார்கள், ஞாபகம் இருக்கலாம். ஊருக்குத் திரும்பியவர், கனடா போனவர், வேறு வழியில் கார்டு வாங்கிவிட்டவர் என்று பலருடைய பெயரும் அதில் கிடக்கும். ஆக, கிடைப்பது ஒரு உத்தேசம், அவ்வளவுதான்.

இதைவிட உருப்படியான வேலை, உங்கள் வரிசையே மாறுமா என்று பார்ப்பது. முதல் கேள்வி, உங்கள் மனைவி எங்கே பிறந்தார்? நீங்கள் சொல்லவில்லை. இந்தக் கணக்கில் பாஸ்போர்ட் எந்த நாடு என்று பார்ப்பதில்லை, பிறந்த நாடுதான். அவர் அப்பா குவைத்திலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்தபோது அங்கே பிறந்திருந்தால், அல்லது யாழ்ப்பாணத்தில் பிறந்திருந்தால், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் நீங்கள் இருவரும் அந்த நாட்டுக் கணக்கில் ஏறிக்கொள்ளலாம். அந்த நாடுகளுக்கு இபி-2 காத்திருப்பு இந்தியாவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. இதைத் தெரியாமலே வருடக்கணக்கில் நின்ற தம்பதிகள் உண்டு, வக்கீலும் கேட்கவில்லை. பிள்ளை பிறந்த நாடு மட்டும் பெற்றோருக்கு உதவாது.

அடுத்து, 2016-தான் உங்களுடைய முதல் தேதியா? அதற்கு முன் வேறு கம்பெனி பெர்ம் (ஐ-140-க்கு முன் தொழிலாளர் துறையிடம் வாங்கும் சான்று) போட்டு ஐ-140 அப்ரூவ் ஆகியிருந்தால் அந்தத் தேதி உங்களுடையது. நீங்கள் வேலையை விட்டபின் அவர்கள் ஐ-140-ஐ வாபஸ் வாங்கியிருந்தாலும், மோசடி போன்ற காரணத்தால் ரத்தாகாதவரை தேதி நிற்கும். ஐ-140 அப்ரூவ் ஆனதைச் சொல்லும் ஐ-797 நோட்டீசின் மேல்பகுதியில் ப்ரையாரிட்டி டேட் என்று ஒரு கட்டம் இருக்கும், அதுதான் சொத்து. என்னுடைய பழைய கம்பெனி அந்தத் தாளின் நகலைத் தரவே முடியாது என்று கைவிரித்துவிட்டது. கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டாம், அமெரிக்காவின் தகவல் அறியும் சட்டப்படி யுஎஸ்சிஐஎஸ்ஸிடமே உங்கள் ஃபைலைக் கேட்டு வாங்கலாம்.

இதே தேதி இபி-1-க்கும் (பன்னாட்டுக் கம்பெனி மேனேஜர்கள், சாதனையாளர்களுக்கான மேல் பிரிவு) செல்லும். 2025 அக்டோபரில் இபி-1 இந்தியா 2022 பிப்ரவரி 15-ல் இருந்தது. 2016 தேதிக்காரருக்கு இபி-1-ல் ஐ-140 அப்ரூவ் ஆகியிருந்தால் அன்றைக்கே அவர் கரண்ட், அதாவது அவர் முறை வந்துவிட்டது. கம்பெனிக்கு இந்தியாவில் கிளை இருந்து, அங்கே ஒரு வருடமாவது மேனேஜராக இருந்துவிட்டு மேனேஜராகவே திரும்பி வருகிறவர்கள் இந்த வழியில் போகிறார்கள். எல்லோருக்கும் முடிகிற காரியமில்லை, மகளின் பள்ளி, வீட்டுக் கடன் எல்லாம் இருக்கிறது. ஆனாலும் மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.

மகள் விஷயத்துக்கு வருவோம், எனக்கு இதுதான் பெரிய கவலையாகப் படுகிறது. 21 வயது தாண்டினால் அவள் உங்கள் விண்ணப்பத்திலிருந்து விழுந்துவிடுவாள். ஆனால் உங்கள் தேதி கரண்ட் ஆகும் நாளில் அவளுக்கு இருக்கிற வயதிலிருந்து, ஐ-140 முடிவாகாமல் யுஎஸ்சிஐஎஸ் ஆபீசில் கிடந்த நாட்களைக் கழித்துக்கொள்ளலாம் என்று சட்டம் இருக்கிறது. கரண்ட் ஆகும்போது 21 வயது 4 மாதம், ஐ-140 கிடந்தது 7 மாதம் என்றால் அவள் வயது 20 வருடம் 9 மாதம், தப்பித்தாள். பிரீமியம் என்ற விரைவு வழியில் பணம் கட்டி ஓரிரு வாரத்தில் அப்ரூவ் வாங்கியிருந்தால் கழிக்க அந்த ஓரிரு வாரம்தான், அவசரத்துக்கு நாம் கொடுத்த காசு இங்கே திருப்பி அடிக்கும். கரண்ட் ஆன ஒரு வருடத்துக்குள் அவளுக்காக விண்ணப்பிக்கவும் வேண்டும், அவள் கல்யாணம் ஆகாமலும் இருக்கவேண்டும். புல்லட்டினில் இருக்கிற இரண்டு அட்டவணையில் எதை வைத்து இந்த வயதைப் பார்ப்பது என்பதும் மாறிக்கொண்டே இருக்கிறது. 2023 பிப்ரவரியில் ஃபைலிங் தேதியையும் ஏற்றுக்கொண்டார்கள், 2025 ஆகஸ்ட் 15-லிருந்து போடுகிற விண்ணப்பங்களுக்கு மறுபடி, கார்டு கொடுக்கும் தேதியான ஃபைனல் ஆக்‌ஷன் தேதிதான் என்றுவிட்டார்கள். அவளுக்கு 21 வர இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது. உங்கள் ஐ-140-யின் ரசீது தேதியையும் அப்ரூவல் தேதியையும் எடுத்து இடையில் எத்தனை நாள் என்று இன்றைக்கே எண்ணிவிடுங்கள். இந்த விஷயத்தில் துல்லியமாகத் தெரிகிற எண் அது ஒன்றுதான்.

இன்னொன்று, கதவு திறந்தால் எத்தனை நாள் திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது. 2007 ஜூலை புல்லட்டினில் வேலை வழிப் பிரிவுகள் ஏறக்குறைய எல்லாமே கரண்ட் என்றார்கள், ஜூலை 2-ம் தேதியன்று, கார்டே மிச்சமில்லை என்றார்கள். நம் ஆட்கள் கோபத்தில் யுஎஸ்சிஐஎஸ் இயக்குநருக்குப் பூங்கொத்துகளாக அனுப்பினார்கள், அவர் அதையெல்லாம் ராணுவ மருத்துவமனைக்குத் திருப்பிவிட்டார். 17-ம் தேதி மறுபடி வாங்கிக்கொள்கிறோம் என்று ஆகஸ்ட் 17 வரை வாங்கினார்கள். அந்த ஒரு மாதத்தில் ஊரில் பிறப்புச் சான்றிதழுக்கு அலைந்தவர்கள் எத்தனையோ பேர். நம் வயதுக்காரர்கள் பலருடைய சான்றிதழில் குழந்தையின் பெயர் என்ற இடம் காலியாக இருக்கும், சிலருக்குப் பிறப்பே பல வருடம் கழித்துத்தான் பதிவாகியிருக்கும். அப்படியிருந்தால் பள்ளிச் சான்றிதழும், பிறந்தது தெரிந்த பெரியவர்களின் அஃபிடவிட்டும் சேர்த்து வைக்கவேண்டும். அடுத்த முறை திருச்சி போகும்போது, சித்தப்பாவோ அத்தையோ கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே இதை முடித்துவிட்டு வாருங்கள்.