பாக்கெட் தொலைவது இணைப்பிலா, பதிவு செய்யும் கணினியிலா?

டிசிபிடம்ப் (tcpdump) என்ற பதிவு நிரல் மூலம் வலையமைப்புப் போக்குவரத்தைக் கண்காணிக்கும்போது பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) விடுபடுகின்றன, எங்கே தேடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும், மற்றப் போர்ட்டுகளின் போக்குவரத்தை நகலெடுத்துத் தரும் சுவிட்சின் மிரர் போர்ட்டில் ஒரு கணினியைச் செருகித்தான் பார்க்கிறீர்கள் என எண்ணுகிறேன். அப்படியானால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இணைப்பை அல்ல, பதிவை.

அட்டன் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் வலையமைப்பைப் பராமரித்து வருகிறேன். அங்கே எடுத்த பதிவில் பாக்கெட்டுகள் விடுபட்டிருந்ததைக் காட்டி, மழையால் வயர்லெஸ் இணைப்பு கெட்டுவிட்டது, கோபுரத்துக் கருவியை மாற்ற வேண்டும் என்று ஒப்பந்தக்காரர் ஒருவர் மதிப்பீடு கொடுத்தார். மலையகம் என்றாலே எல்லாப் பழுதையும் மழையின் தலையிலும் மூடுபனியின் தலையிலும் கட்டிவிடுவது எனக்குப் பெரும் வேதனை. ஏறத்தாழ 10 ஜிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைவரிசைகளில்தான் மழை பெரிதாகக் குறுக்கிடும், எங்களுடையதோ 5 ஜிகாஹெர்ட்ஸ்.

அதே பதிவை, பதிவுகளை அலசும் வயர்ஷார்க் நிரலில் திறந்தபோது, விடுபட்ட துண்டுகளுக்கெல்லாம் எதிர்முனையிலிருந்து ஒப்புகை (வந்து சேர்ந்தது என்ற பதில்) வந்திருந்தது; எதுவும் மீண்டும் அனுப்பப்பட்டிருக்கவில்லை. வந்து சேராத தரவுக்கு டிசிபி நெறிமுறை ஒப்புகை அனுப்பாது என்பதால், அவை போய்ச் சேர்ந்திருக்கின்றன, பதிவில் மட்டுமே விழவில்லை. டிசிபிடம்பை நிறுத்தும்போது கடைசியில் வரும் வரிகளும் அதையே காட்டின: கேர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) கைவிட்ட பாக்கெட்டுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. ஒவ்வொரு முகவரிக்கும் டிஎன்எஸ்ஸில் பெயர் தேடி, வரிவரியாகத் திரையில் அச்சிட்டுக்கொண்டிருந்தால் நிரல் பின்தங்கத்தான் செய்யும். ‘-n’ கொடுத்துப் பெயர் தேடலை நிறுத்தி, ‘-w’ கொடுத்து நேரே கோப்பில் எழுதி, லினக்ஸில் வழமையாக 2 மெகாபைட் அளவே இருக்கும் பஃபரை (தற்காலிகச் சேமிப்பிடத்தை) ‘-B’ மூலம் பெருக்கியதும் அந்த எண்ணிக்கை பூச்சியமானது. நிர்வாகம் மதிப்பீட்டைத் திருப்பி அனுப்பியது.

உங்களிடம் கேர்னலுக்குப் பதிலாக இன்டர்ஃபேஸ் கைவிட்டதாக எண் வந்தால், ஈத்டூல் (ethtool) கட்டளையில் நெட்வொர்க் அட்டையின் கணக்கைப் பார்த்து, அதன் ரிங் பஃபரைக் கூட்டுங்கள். இரண்டும் பூச்சியமாக இருந்தும் துண்டுகள் விடுபட்டால் மிரர் போர்ட்டைப் பாருங்கள். 1 ஜிகாபிட் போர்ட்டின் இரு திசைப் போக்குவரத்தும் சேர்ந்து 2 ஜிகாபிட் வரை போகலாம். அதை 1 ஜிகாபிட் மிரர் போர்ட்டுக்குள் அனுப்பும்போது மிஞ்சியதைச் சுவிட்சே எறிந்துவிடும், டிசிபிடம்புக்கு அது தெரியவே வராது.

ஒப்புகையே அனுப்பாத யூடிபி நெறிமுறைக்கு இந்த ஒப்புகைச் சோதனை பொருந்தாதே எனச் சிலர் சொல்லக்கூடும், உண்மைதான். தொலைபேசி அழைப்பு போன்றவற்றுக்கு இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் பதிவெடுத்து, அந்தப் பாக்கெட்டுகளில் இருக்கும் ஆர்டிபி வரிசை எண்களை ஒப்பிட வேண்டும். இணைப்பு பழுதாகவே ஆகாது என்றும் நான் வாதிடவில்லை. ஒப்புகை வராமல் மீளனுப்பல்கள் வரிசையாகத் தெரிந்தால், அப்போது கோபுரத்தில் ஆளை ஏற்றுங்கள்.