அப்பாவின் இபிஎஃப் பணமும் ஒரு கம்ப்யூட்டர் டிகிரியும்

அன்புள்ள அக்கா,

மலேசியாவில் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம் முடித்துவிட்டேன். வீடு பினாங்கின் பிறையில். கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் கணினி அறிவியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. ஃபவுண்டேஷன் என்ற முன்படிப்போடு சேர்த்து நான்கு வருடம், மொத்தம் 75,000 வெள்ளி (ரிங்கிட்). அரசாங்கக் கல்விக் கடனான பிடிபிடிஎன் 40,000 கிடைக்கும் என்கிறார்கள். மிச்சம் 35,000-ஐ அப்பா தன் ஓய்வுக்காலச் சேமிப்பான இபிஎஃப்பிலிருந்து எடுத்துத் தருகிறேன் என்கிறார். அவருக்கு 50 வயது, லோரி ஓட்டுகிறார். மாமாவோ, "இனிமே புரோகிராம் எல்லாம் ஏஐ எழுதிடும், கடன் வாங்கி இதைப் படிக்காதே" என்கிறார். சம்பாதித்துக் கடனை அடைத்துவிட முடியுமா?

க., பிறை

தங்கச்சிக்கு,

முடியும். ஆனால் நீ எந்தக் கடனைச் சொல்கிறாய் என்பதுதான் கேள்வி.

பிடிபிடிஎன் என்றாலே நம் வீடுகளில் ஒரு பயம் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார். வருடத்துக்கு 1 சதவீதம் உஜ்ரா (சேவைக் கட்டணம்), 40,000-க்கு 15 வருடத் தவணை, ஆக மொத்தம் 46,000, மாதம் சுமார் 256 வெள்ளி, அதுவும் படிப்பு முடிந்து 12 மாதம் கழித்துத்தான் ஆரம்பம். இவ்வளவு மலிவாக வேறு எந்த பேங்கும் உனக்குக் கடன் தராது. கட்டாமல் இழுத்தடித்தால் பேங்குகள் பார்க்கும் கடன் பதிவேடான சிசிரிஸில் பெயர் ஏறும், பிறகு வீட்டுக் கடனுக்குப் போய் நிற்கும்போது தெரியும், அது வேறு கதை. முதல் வகுப்பில் தேறினால் தள்ளுபடி என்று யாராவது சொல்வார்கள். அதன் நிபந்தனைகள் அடிக்கடி மாறுகின்றன, அதை நம்பிக் கணக்குப் போடாதே.

எனக்கு உறுத்துவது அந்த 35,000. இபிஎஃப் 2023-இல் 5.5 சதவீதமும் 2024-இல் 6.3 சதவீதமும் டிவிடெண்ட் கொடுத்தது. 5.5 என்றே வைத்துக்கொண்டாலும், அந்தப் பணத்தைத் தொடாமல் விட்டால் அப்பாவுக்கு 60 வயதாகும்போது அது கிட்டத்தட்ட 60,000 ஆகியிருக்கும். லோரி ஓட்டுகிறவருக்கு முதுகு எவ்வளவு நாள் ஒத்துழைக்கும் என்று யாருக்குத் தெரியும்? அவர் இதைக் கடன் என்று ஒருநாளும் சொல்லமாட்டார், தவணைக் கடிதமும் அனுப்பமாட்டார். அதனாலேயே நம் பிள்ளைகள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. உன் இரண்டு கடன்களில் விலை அதிகமானது இதுதான்.

வருமானத்துக்கு வருவோம். கோலாலம்பூரில் புதிதாக வருகிற புரோகிராமருக்கு 3,000 வெள்ளி என்று வை, நல்ல இடமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூட. இபிஎஃப் 330, சொக்சோ, இஐஎஸ் காப்புறுதிப் பிடித்தம் போனால் கையில் சுமார் 2,650. அறை வாடகை 700, ரயில், பஸ்ஸுக்கு மை50 மாதப் பாஸ் 50, பிடிபிடிஎன் 256. சாப்பாடு, போன், வீட்டுக்குக் கொஞ்சம். கஷ்டம் இல்லை, ஆனால் அப்பாவின் 35,000-ஐத் திருப்பி வைக்க அந்தச் சம்பளத்தில் இடமும் இல்லை.

மாமா சொல்வதில் பாதி உண்மை. புதிதாகச் சேர்கிற பிள்ளைகளிடம் முன்பு கொடுத்த சில்லறை வேலைகளை, ஒரு படிவம், ஒரு ரிப்போர்ட், இப்போது ஏஐ எழுதிவிடுகிறது. அதனால் சான்றிதழை மட்டும் நீட்டினால் போதாது. எங்கள் ஆபீஸில் இன்டர்வியூவுக்கு வந்த ஒரு பையன், செந்தூலில் ஒரு கோவிலுக்கு அர்ச்சனைச் சீட்டு போடும் சிஸ்டம் எழுதியிருந்தான். கூட்ட நாளில் லைன் அறுந்து அறுந்து வந்ததில் ஒரே சீட்டு இரண்டு தடவை அச்சாகி, கவுண்டரில் ஒரே சண்டை. பதில் வரவில்லை என்று புரோகிராம் தானாகவே திரும்ப அனுப்பியிருக்கிறது, முதல் தடவையே போய்ச் சேர்ந்துவிட்டது அதற்குத் தெரியவில்லை, அதனால் ஒவ்வொரு சீட்டுக்கும் முன்கூட்டியே ஒரு எண் கொடுத்தேன், அதே எண் திரும்ப வந்தால் மறுபடி அச்சாகாது என்று அவன் விளக்கிய விதத்திலேயே வேலை முடிவாகிவிட்டது. எந்தக் கல்லூரி என்று கேட்கக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை. (போலிடெக்னிக் பையன். பிறகு ஃபைலைப் பார்த்துத்தான் தெரிந்தது.)

அதனால் நான் சொல்வது, புரோகிராமிங் படி, ஆனால் 75,000-க்குப் படிக்காதே. உன் வீட்டுக்குப் பக்கத்தில் பெர்மாத்தாங் பாவில் செபராங் பிறை போலிடெக்னிக் இருக்கிறது. ஐடி டிப்ளோமா உண்டு, செமஸ்டருக்குச் சில நூறு வெள்ளிதான், வீட்டிலிருந்தே போய் வரலாம், கடைசியில் இன்டர்ன்ஷிப்பும் வரும். படிக்கப் பொறுமை இருந்தால் படிவம் ஆறு படித்து எஸ்டிபிஎம் எடுத்து, அரசாங்கப் பல்கலைக்கழகமான யூஎஸ்எம்முக்கு விண்ணப்பம் செய், பினாங்குப் பாலம் தாண்டினால் அதன் மிண்டன் வளாகம் வந்துவிடும். படிவம் ஆறு என்றால் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள், ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

டிப்ளோமாவுக்குப் பிறகும் டிகிரி வேண்டும் என்றால் அப்போது பிடிபிடிஎன் எடு. கிரெடிட் டிரான்ஸ்பரில் நேரே இரண்டாம் வருடம் சேர்க்கும் இடங்கள் இருக்கின்றன, கடனும் அந்த அளவுக்குக் குறையும். எந்தெந்தப் பாடத்துக்கு விலக்கு, அந்த டிகிரிக்கு, படிப்புகளை அங்கீகரிக்கும் அமைப்பான எம்கியூஏவின் அங்கீகாரம் உண்டா என்று முதலிலேயே கேள், பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள். கவுண்டரில் வாயால் சொல்வதை நம்பாதே.

அன்புடன்,
அக்கா