தானாக வராது, தம்பி

ஒசாகாவில் முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது, வரும் அக்டோபரில் கிளம்புகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். ரொம்ப சந்தோஷம். பாடமெல்லாம் ஆங்கிலத்தில்தான், ஜப்பானிய மொழி தேவையில்லை என்று பேராசிரியரே சொல்லிவிட்டாராம். "அங்கேயே இருந்தால் ஆறு மாதத்தில் பேச்சு தானாக வந்துவிடும்தானே அக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வாடகை, குளிர், சைவச் சாப்பாடு, பார்ட் டைம் வேலை. அதையெல்லாம் கடைசியில் பார்ப்போம். அந்தத் 'தானாக' என்ற சொல்லைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. 2012-இல் திண்டுக்கல்லில் ஓர் ஏஜென்ட் என் அப்பாவை உட்காரவைத்துச் சொன்னதும் இதே வாக்கியம்தான்.

நான் வந்தது பல்கலைக்கழகத்துக்கு இல்லை, மொழிப் பள்ளிக்கு. மெக்கானிக்கல் முடித்துவிட்டு கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் ஒரு வருடம் வேலை பார்த்திருந்தேன். ஜப்பானிய அடிப்படை எழுத்தான ஹிராகனா 46-உம் மனப்பாடம். அது போதும் என்ற தைரியத்தில் கன்சாய் விமான நிலையத்தில் இறங்கினேன். குடியேற்ற அதிகாரி ஏதோ கேட்டார். "ஹை" என்றேன், ஆமாம் என்று. இன்னொன்று கேட்டார். அதற்கும் "ஹை". மாணவர் விசாவில் வருகிறவர்கள் பார்ட் டைம் வேலைக்கான அனுமதியை அங்கேயே ஒரு படிவம் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். அந்த ஆள் கேட்டது அதைத்தான், "இப்போது வேண்டாமா?" என்று. வேண்டாமா என்று கேட்டு ஆமாம் என்றால் வேண்டாம் என்றுதானே அர்த்தம்? தமிழிலும் அப்படித்தான். பிறகு குடியேற்ற அலுவலகத்தில் போய் வரிசையில் நின்று, வாரக்கணக்கில் காத்திருந்து அந்த அனுமதியை வாங்கினேன். அதுவரை கையிலிருந்த காசு கரைந்தது.

முதல் வேலை பென்தோ தொழிற்சாலையில், இரவு ஷிஃப்ட். பென்தோ என்றால் பெட்டிச் சாப்பாடு. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, கண் மட்டும் வெளியே தெரியும். பெல்ட்டில் பெட்டிகள் வந்துகொண்டே இருக்கும். என் வேலை சோற்றின் நடுவில் ஓர் ஊறுகாய்ப் பழத்தை வைப்பது. உமேபோஷி என்பார்கள், சிவப்பாக, சின்னதாக இருக்கும். கொஞ்சம் அமுக்க வேண்டும், ரொம்ப அமுக்கினால் சாறு சோற்றில் இறங்கிவிடும். ஐந்து மணி நேரம் அதே வேலை. என் இரண்டு பக்கமும் வியட்நாம் பெண்கள், எதிரே நேபாளத்துப் பையன்கள். மேற்பார்வை பார்க்கும் ஜப்பானிய அம்மா ஓர் இரவில் சொல்வது இரண்டே வார்த்தை: சீக்கிரம், கவனம். மூன்று மாதம் முடிந்தபோது வியட்நாமிய மொழியில் பத்து வரை எண்ணக் கற்றிருந்தேன். மோத், ஹாய், பா. ஜப்பானிய மொழி இருந்த இடத்திலேயே இருந்தது. பகலில் வகுப்பில் தூக்கம் வேறு.

ஏஜென்ட் சொன்னதில் இன்னொன்று, பார்ட் டைம் வேலையிலேயே ஃபீஸ் கட்டிவிடலாம் என்பது. கணக்கு போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 28 மணி நேரம்தான் அனுமதி, நீண்ட விடுமுறையில் மட்டும் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை. அப்போது ஒசாகாவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 800 யென். மாதம் தொண்ணூறாயிரம் வந்தால் பெரிது. வாடகை, சாப்பாடு, ரயில் போக என்ன மிஞ்சும்? பள்ளிக்கு வருடத்துக்கு ஏழெட்டு லட்சம் யென். அப்பா நிலத்தை வைத்துத்தான் கட்டினார். இப்போது கூலி ஏறியிருக்கிறது, விலைவாசியும் ஏறியிருக்கிறது. 28 மணி நேரம் என்பது ஒரு கடைக்கு இல்லை, எல்லா வேலைக்கும் சேர்த்து. இரண்டு இடத்தில் பார்த்தால் யாருக்குத் தெரியும் என்று ஒருவர் உங்களுக்கு நிச்சயம் சொல்வார். விசா நீட்டிக்கப் போகும்போது வரிக் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். என் வகுப்பில் இருந்த ஒரு பையன் அப்படித்தான் பெட்டி கட்டினான்.

சரி, மொழிக்கு வருகிறேன். தொழிற்சாலையை விட்டு ஒரு கொன்பினியில் சேர்ந்தேன், 24 மணி நேரமும் திறந்திருக்கும் சின்னக் கடை. அங்கேதான் என் காது திறந்தது. முதல் வாரம் காலையில் ஒரு பெரியவர் வந்து "மைசென்" என்றார். சென் என்றால் ஆயிரம். ஆயிரம் யென் நோட்டு கேட்கிறார் போல, சில்லறை மாற்றத்தான் என்று கல்லாவைத் திறந்தேன். அவர் என் முதுகுக்குப் பின்னால் இருந்த சிகரெட் அடுக்கைக் காட்டினார். அடுக்கில் நூற்றுக்கு மேல் வகை, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். மைசென் என்று எதுவும் இல்லை. பிறகுதான் தெரிந்தது, மைல்ட் செவன் என்பதைத்தான் அப்படிச் சுருக்கிச் சொல்கிறார்கள். அந்தப் பெயரையும் 2013 ஆரம்பத்தில் மேவியஸ் என்று மாற்றிவிட்டார்கள். பெட்டியில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர். எந்தப் பாடப்புத்தகத்தில் இது இருக்கும்? அந்தப் பெரியவர் கோபித்துக்கொள்ளாமல் தினமும் வந்தார். ஒரு மாதம் கழித்து அவர் கதவைத் தாண்டும்போதே எடுத்து வைத்துவிடுவேன். மாலை நேரத்தில் ஒசாகா ஆட்கள் "நன்போ?" என்பார்கள், 'எவ்வளவு?' என்று. பள்ளியில் சொல்லிக்கொடுத்தது "இகுரா". திண்டுக்கல்லில் பேசுகிற தமிழும் செய்தி வாசிக்கிற தமிழும் போலத்தான்.

ஆகவே எந்த இடத்தில் நிற்கிறீர்களோ அந்த இடத்து மொழிதான் வரும். ஆய்வகத்தில் ஆங்கிலம் பேசிவிட்டு, அறையில் நம் ஊர்ப் பையன்களோடு தமிழ் பேசிவிட்டு, ராத்திரி பார்சல் பிரிக்கிற கிடங்கில் யாரோடும் பேசாமல் வேலை பார்த்தால், இரண்டு வருடம் கழித்தும் "அரிகாதோ" மட்டும்தான் மிஞ்சும். எனக்குத் தெரிந்து நாலு பேர் உங்களைப் போல ஆங்கில வழியில் வந்தார்கள். நல்ல மூளை, நல்ல ஆய்வு. படிப்பு முடிந்து வேலை தேடியபோது பல நிறுவனங்கள் ஜப்பானிய மொழித் தேர்வின் என்2 சான்றிதழ் கேட்டன, நேர்முகத்தில் ஜப்பானிய மொழியில் பேசச் சொன்னார்கள். வேலை தேடுவதற்கென்று ஆறு மாத விசா கொடுப்பார்கள், இன்னொரு ஆறு மாதம் நீட்டிக்கலாம். அதற்குள் ஒருவன் கிடைத்த ஐடி வேலைக்குப் போனான். இருவர் ஊர் திரும்பிவிட்டார்கள். நாலாவது ஆள் மட்டும் கொன்பினியில் நின்றவள், இப்போது கோபேயில் நல்ல வேலையில் இருக்கிறாள்.

டோக்கியோவில் நிஷி-கசாய் பக்கம் போனால் நம் ஆட்கள் நிறையப் பேரைப் பார்க்கலாம், மளிகையும் இட்லி மாவும் கிடைக்கும். நானும் போவேன், குறை சொல்லவில்லை. ஆனால் பதினைந்து வருடம் இருந்தும் மருத்துவமனைக்கு எட்டு வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க அழைத்துப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அதே ஆட்கள்தான் மொழிப் பள்ளி வழியாக வந்த எங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள். இன்னொரு பக்கம் மொழித் தேர்வின் உச்ச நிலையான என்1 வாங்கியதை ஊரெல்லாம் சொல்கிறவர்கள். அந்தத் தேர்வில் பேசவும் வேண்டாம், எழுதவும் வேண்டாம், விடையைக் குறித்தால் போதும். போன் அடித்தால் இவர்களில் பாதிப் பேர் பாத்ரூமுக்குப் போய்விடுவார்கள்.

மருத்துவமனை என்றதும் ஞாபகம் வருகிறது. முதல் குளிர்காலத்தில் இரவு ஷிஃப்டும் கப் நூடுல்ஸுமாக இருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டது. டாக்டரிடம் "இதாய்" என்றேன், வலிக்கிறது என்று. அது தெரியும். அவர் கேட்டார், "சிகுசிகுவா, கிரிகிரியா?" நான் விழித்தேன். "சிகுசிகு?" என்றார். "ஹை" என்றேன், வழக்கம்போல. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, விரலால் தன் வயிற்றைக் குத்திக் காட்டினார், பிறகு முறுக்கிப் பிழிவதுபோலக் காட்டினார். அன்று ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டால் அம்மாவும் அதையேதான் கேட்கிறாள்: "சுருக்கு சுருக்குன்னு குத்துதா, இழுத்துப் புடிக்குதா?" சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நம் இரட்டைக்கிளவி மாதிரி அவர்களுக்கு நூற்றுக்கணக்கில் இருக்கிறது. விண்விண் என்று தெறித்தால் ஸுகிஸுகி. நெஞ்சு படபடத்தால் தோகிதோகி. தமிழ் தெரிந்தவருக்கு இது பயப்பட வேண்டிய விஷயமே இல்லை, ஆங்கிலம் வழியாகப் படித்தால்தான் விநோதமாகத் தெரியும்.

இதுதான் நான் சொல்ல வந்த முக்கியமான இடம். ஆங்கிலம் வழியாக இந்த மொழியைப் படிக்காதீர்கள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஜப்பானியர்கள் சொல்லும் "இத்தே கிமாசு" அப்படியே நம் 'போயிட்டு வர்றேன்'. 'சாப்பிட்டுப் பார்' என்பதில் நாம் கண்ணால் பார்ப்பதில்லையே, அவர்களும் 'தபேதே மிரு' என்று அதே 'பார்'-ஐத்தான் போடுகிறார்கள். வாங்கி வை, மறந்துவிடு, இதிலெல்லாம் கடைசியில் வரும் வை, விடு கூட அங்கே உண்டு. வினைச்சொல் கடைசியில். வகுப்பில் சீனப் பிள்ளைகள் கான்ஜியை, அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்துகளை, முதல் நாளே பார்த்துப் புரிந்துகொள்வார்கள், வாயைத் திறக்கத் தயங்குவார்கள். நாங்களும் நேபாளத்துப் பிள்ளைகளும் கடகடவென்று பேசுவோம், பலகையைப் படிக்கத் தெரியாது. இதை வைத்துக்கொண்டு ஜப்பானிய மொழியே தமிழிலிருந்துதான் வந்தது என்று கிளம்பிவிடாதீர்கள். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டுக்கும் உறவு உண்டென்று பல காலம் எழுதினார், மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஆய்வகத்தில் முதல் வாரமே இதை ஆரம்பிக்கும் நம் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். ஜப்பானியர்கள் தலையாட்டுவார்கள். அதற்கு ஒப்புக்கொண்டார்கள் என்று அர்த்தமில்லை.

குறில் நெடில் நமக்குப் பிரச்சினை இல்லை. ஒபசான் என்றால் அத்தை வயதுப் பெண், ஒபாசான் என்றால் பாட்டி. ரோமன் எழுத்தில் படித்தவர்கள் இதில்தான் அடி வாங்குவார்கள். நமக்குக் குழி வேறு இடத்தில். அக்டோபரில் வந்து இறங்கினால் காய்கறிக் கடைகளில் ஆரஞ்சு நிறத்தில் தக்காளி மாதிரி ஒரு பழம் குவிந்திருக்கும், பெயர் 'ககி'. இரண்டாவது எழுத்தைத் தக்காளியின் க்க போல வன்மையாகச் சொன்னால் பழம். நம் நாக்கு நடுவில் வரும் க-வை 'அகம்' போல மெலிதாக்கிவிடும், அப்படிச் சொன்னால் சாவி. எங்கள் தெருமுனைக் கடையில் "ககி கொடுங்கள்" என்று கேட்டேன். கடைக்காரப் பாட்டி பதறிப்போய், நான் சாவியைத் தொலைத்துவிட்டேன் என்று நினைத்து, முட்டைக்கோஸ் கூடையை எல்லாம் நகர்த்தித் தேட ஆரம்பித்துவிட்டார். நானும் எதைத் தேடுகிறார் என்று தெரியாமல் குனிந்து தேடினேன்.

கான்ஜி பற்றிக் கேட்டிருந்தீர்கள். அன்றாடப் பயன்பாட்டுப் பட்டியலில் 2,136 எழுத்து. ஒரே எழுத்து, ஆசிரியரைக் குறிக்கும் சென்செய் என்பதில் 'செய்', பச்சை முட்டைக்கு 'நமா', பிறப்பதற்கு 'உ'. தனி எழுத்தாக மனப்பாடம் செய்யாமல் சொல்லோடு சேர்த்துப் படியுங்கள். அவ்வளவுதான் சொல்வேன், இன்றும் எனக்குக் கையால் எழுதத் தடுமாற்றம்தான்.

மொழிப் பள்ளி முடித்து ஹிகாஷி-ஒசாகாவில் ஒரு சின்னப் பட்டறையில் சேர்ந்தேன். அந்த ஊர் முழுக்கச் சிறு தொழிற்கூடங்கள்தான், நம் கோயம்புத்தூர் மாதிரி. முதல் வாரமே முதலாளி போனை எடுக்கச் சொல்லிவிட்டார். எதிர்முனையில் ஒருவர் மரியாதை மொழியில் மூச்சுவிடாமல் பேசினார், பிறகு மரியாதை குறைந்தது, பிறகு வைத்துவிட்டார். நான் குறிப்புத் தாளில் எழுதியது: "ஓர் ஆள் கூப்பிட்டார். கோபமாக இருந்தார்." முதலாளி அதைப் படித்துவிட்டு லேத் பக்கத்துச் சுவரில் ஒட்டிவைத்தார். எண்ணெய்க் கறை படிந்து இரண்டு வருடம் அங்கேயே இருந்தது. இப்போது வாடிக்கையாளர்களோடு விலை பேசுவது நான்தான்.

வருவதற்கு முன் உங்களுக்கு எத்தனை மாதம் இருக்கிறதோ அத்தனையும் பேசிப் பழகுங்கள். ஹிராகனா, கதகானா இரண்டு எழுத்து வகையும் விமானம் ஏறும்முன் முடிந்திருக்க வேண்டும். தேர்வு வேண்டுமென்றால் சென்னையிலேயே ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது. இங்கே வந்ததும் பேச்சு இருக்கும் வேலையாகப் பாருங்கள், கூலி ஐம்பது யென் குறைந்தாலும் பரவாயில்லை.

மற்றவை: குளிர் தாங்கலாம். வாடகையைப் பல்கலைக்கழக விடுதியில் கேளுங்கள், வெளியே வெளிநாட்டவர் என்றால் கதவைச் சாத்தும் வீட்டுக்காரர்கள் இன்னும் உண்டு. வீடு எடுத்து 14 நாளுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரி பதிய வேண்டும். சைவம் என்றால் சமைத்துச் சாப்பிடுங்கள், சூப்பில் மீன் சாறு இல்லாத கடையைத் தேடியே உங்கள் இரண்டு வருடமும் போய்விடும். அரிசி, குக்கர் எதுவும் சுமந்து வராதீர்கள். புளி மட்டும் ஒரு கிலோ, விதை எடுத்தது. விமான நிலையத்தில் அந்தப் படிவத்தை நீங்களாகவே எடுத்து நீட்டுங்கள், அவர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.