தொந்தியும் வரியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தலைவர்களின் நிறத்தையும் உடலையும் கேலி செய்யக் கூடாது என்கிறீர்கள். பணமும் போலீஸும் கையில் வைத்திருப்பவருக்கு ஒரு மீம் வலித்துவிடுமா? சாமானியனிடம் இருக்கும் ஒரே ஆயுதத்தையும் பிடுங்குகிறீர்களே!

- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அவருக்கு வலிக்காது என்பதுதான் என் கட்சியும். கறுப்பு, குள்ளம், திக்குவாய் என்று நீங்கள் எறிவதெல்லாம் அதே நிறமும் திக்கலும் உள்ள உங்கள் வாசகர் மேல்தான் விழும். தலைவருக்கோ லாபம். டெண்டர் பற்றிய கேள்வியை விட்டுவிட்டு, 'என் நிறத்தைப் பழிக்கிறார்கள்' என்று மேடையில் கண்கலங்கலாம்.

அதற்காக உடலையே தொடாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். 1831 டிசம்பரில் பாரிஸில் ஓவியர் ஓனோரே தோமியே வரைந்த கேலிச்சித்திரத்தில் மன்னர் லூயி பிலிப் பெருந்தொந்தியோடு உட்கார்ந்திருக்கிறார். தரையிலிருந்து அவர் வாய்வரை ஒரு நீண்ட பலகை. ஏழைகளிடம் வசூலித்த காசைக் கூடை கூடையாக அதன் வழியே சுமந்துபோய்க் கொட்டுகிறார்கள். ஆசனத்துக்கு அடியில் பதவியும் பட்டமும் கழிவாக விழுகின்றன. பொறுக்க அங்கே ஒரு கூட்டம். தொந்தியை அழித்தால் படமே இல்லை, அங்கே தொந்திதான் வரி. தோமியேவுக்கு 6 மாதச் சிறை விதித்தார்கள்.

நெருக்கடிநிலையின்போது, 1975 டிசம்பரில், கார்ட்டூனிஸ்ட் அபு ஆபிரகாம் தன் கார்ட்டூனில் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமதைக் குளியல் தொட்டியில் உட்கார வைத்தார். கையெழுத்திட்ட தாளைக் கதவிடுக்கில் நீட்டியபடி, இன்னும் அவசரச் சட்டம் இருந்தால் காத்திருக்கச் சொல் என்கிறார். வெற்றுடம்புதான். சிரிப்பு வருவதென்னவோ அந்தக் கையெழுத்தைப் பார்த்து.

மீம் போடுமுன் பெயரை மறைத்துப் பாருங்கள். தெருவில் போகிற நூறு பேருக்குப் பொருந்தினால் அது வெறும் வசை. வசைச் சொல்லை எடுத்துவிட்டால் தேதி, தொகை, அரசாணை என்று ஏதாவது மிஞ்சுகிறதா? பெண் தலைவர் என்றால், அதே குற்றம் செய்த ஆணுக்கும் இதே சொல்லைப் போடுவீர்களா? (ஆணைத் திட்டவும் அவன் தாயைத்தானே இழுக்கிறோம்!)

சட்டமும் கிட்டத்தட்ட இதே கோட்டைத்தான் போடுகிறது. அவதூறு பற்றிய பிரிவு, பாரதிய நியாய சன்ஹிதா 356, அதாவது பழைய இ.பி.கோ. 499, அரசுப் பணியில் இருப்பவரின் பணி சார்ந்த நடத்தை பற்றி நல்லெண்ணத்தோடு சொல்லும் கருத்துக்கு விலக்குத் தருகிறது. குணத்தைப் பற்றியும் சொல்லலாம், அந்த நடத்தையில் தெரிந்த அளவுக்கு மட்டும். விலக்கு இருக்கிறதே என்று வழக்கு வராமல் போகாது. அது பொருந்தும் என்று நீதிமன்றத்தில் காட்ட வேண்டியவர் நீங்கள். அரசாணையின் நகலைப் பத்திரமாக வைத்துக்கொண்டு வரையுங்கள்.