கேட்லின்பர்க்கில் ஒரு வார இறுதி: கேள்வி பதில்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், கிரேட் ஸ்மோக்கி மலைகளின் வாசலில் இருக்கும் கேட்லின்பர்க்குக்குச் செல்லத் திட்டமிடும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். பக்கத்திலுள்ள நாக்ஸ்வில்லில் நெடுங்காலமாக வசிப்பதால், வீட்டுக்கு வரும் உறவினரையும் நண்பரையும் அங்கே அழைத்துச் செல்லும் பொறுப்பு என்னுடையதாகவே இருந்து வருகிறது.

கேள்வி (அட்லாண்டா): வணக்கம் ஐயா. வெள்ளிக்கிழமை மாலை அலுவலகம் முடிந்து கிளம்பி, ஞாயிறு இரவு வீடு திரும்ப வேண்டும். இரண்டு நாள் போதுமா? எதை முதலில் பார்ப்பது?

போதும். ஆனால் காலையை மலைக்கும் மாலையை ஊருக்கும் ஒதுக்கிக்கொள்ளுங்கள். இந்த வரிசையை மாற்றியவர்கள்தான் இரண்டு நாளும் காருக்குள்ளேயே கழிந்துவிட்டதாக வருந்துகிறார்கள். நிலையாக வசிப்பவர்கள் 4,000 பேர்கூட இல்லாத ஊர் அது. அதை ஒட்டிய கிரேட் ஸ்மோக்கி மலைகள் தேசியப் பூங்காவுக்கோ ஆண்டுக்கு 1.2 கோடிக்கு மேற்பட்ட வருகைகள் பதிவாகின்றன. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் இதுவே முதலிடம். காலை பத்து மணிக்கு மேல் பூங்காவின் வண்டி நிறுத்துமிடங்கள் நிரம்பிவிடும். ஊரின் கடைத்தெருவோ இரவு வரை விழித்திருக்கும்.

உங்கள் பயணத்துக்கு நான் சொல்லும் வழி இது. சனிக்கிழமை விடியுமுன் கிளம்பி, சூரியன் உதிக்கும் நேரத்தில் பூங்காவுக்குள் இருக்கும் கேட்ஸ் கோவ் பள்ளத்தாக்கின் வாயிலில் இருங்கள். பதினொரு மைல் நீளமுள்ள அந்த ஒருவழிச் சுற்றுப்பாதையில் மான்களும், பழைய குடியேறிகளின் மரவீடுகளும், மூன்று சிறிய தேவாலயங்களும், தண்ணீரால் ஓடும் மாவரைக்கும் ஆலையும் உண்டு. அதிகாலையில் நிதானமாகச் சுற்றி வரக்கூடிய அதே பாதையில் நண்பகலில் நுழைந்தால், முன்னால் யாரோ ஒரு கரடியைப் பார்க்க வண்டியை நிறுத்தியதற்காக நீங்கள் மூன்று மணி நேரம் ஊர்ந்துகொண்டிருப்பீர்கள். பொறுமை தீர்ந்துவிட்டால், ஸ்பார்க்ஸ் லேன், ஹயாட் லேன் என்னும் இரண்டு குறுக்குப் பாதைகளில் ஒன்றில் திரும்பிச் சுற்றைச் சுருக்கிக்கொள்ளலாம். மதியம் அறைக்குத் திரும்பி ஓய்வெடுத்து, மாலையில் ஊருக்குள் நடங்கள்.

ஞாயிறு காலை அறையைக் காலி செய்து, பெட்டிகளோடு, பூங்காவின் குறுக்கே செல்லும் நியூஃபவுண்ட் கேப் சாலையில் ஏறி, மலையைக் கடந்து, வட கரோலினாவின் செரோக்கி ஊர் வழியாக 441ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்து அப்படியே தெற்கே அட்லாண்டாவுக்கு இறங்கிவிடுங்கள். வந்த நெரிசலுக்குள் மீண்டும் நுழைய வேண்டியதில்லை.

கேள்வி (சார்லட்): பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை என்கிறார்கள், ஆனால் நண்பர் ஒருவருக்கு அபராதச் சீட்டு வந்ததே, ஏன்?

நுழைவுக் கட்டணம் இல்லை என்பது உண்மை. பூங்காவின் குறுக்கே செல்லும் நியூஃபவுண்ட் கேப் சாலையை மத்திய அரசிடம் ஒப்படைத்தபோது, இதில் செல்வோரிடம் சுங்கம் வசூலிக்கக் கூடாது என்று டென்னசி மாநிலம் நிபந்தனை விதித்திருந்தது. ஆனால் 2023 மார்ச் 1 முதல், பூங்காவுக்குள் எங்கேனும் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வண்டியை நிறுத்தினால் அதற்கான அட்டை வேண்டும்: ஒரு நாளுக்கு 5 டாலர், வாரத்துக்கு 15, ஆண்டுக்கு 40. எல்லாத் தேசியப் பூங்காக்களுக்கும் செல்லும் வருடாந்தரச் சீட்டு உங்களிடம் இருந்தாலும் அது இதற்கு ஈடாகாது. கைப்பேசியில் ரசீதைக் காட்டினாலும் போதாது. அட்டை வண்டிக்குள் கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். உங்கள் நண்பர் இந்த இரண்டில் ஒன்றில்தான் சிக்கியிருப்பார் என்று நினைக்கிறேன். ஷுகர்லாண்ட்ஸ் பார்வையாளர் மையத்திலேயே அட்டை கிடைக்கும்.

கேள்வி (நாஷ்வில்): கடைசி இருபது மைலுக்கு இரண்டு மணி நேரம் ஆனதாக எல்லோரும் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா?

40ஆம் எண் விரைவுச்சாலையின் 407ஆம் வெளிவழியில் இறங்கி, செவியர்வில், பிஜன் ஃபோர்ஜ் என்று வரிசையாக வரும் ஊர்களின் சிக்னல்களைக் கடப்பதுதான் அந்தத் தாமதத்துக்குக் காரணம். மேற்கிலிருந்து வரும் நீங்கள் நாக்ஸ்வில்லில் பிரிந்து, மேரிவில், டவுன்ஸெண்ட் வழியாகப் பூங்காவுக்குள் நுழைந்துவிடலாம். தூரம் சற்றுக் கூடினாலும், பூங்காவுக்குள் லிட்டில் ரிவர் ஆற்றின் கரையோடு வரும் சாலையில் ஒரு சிக்னல்கூடக் கிடையாது. ஊருக்குள் நுழையாமல் நேரே மலைக்குச் செல்ல வேண்டுமானால், கேட்லின்பர்க் பைபாஸ் என்ற புறவழிச்சாலை இருக்கிறது. நாஷ்வில் மத்திய நேர மண்டலத்தில் இருப்பதால் வரும்போது ஒரு மணி நேரத்தை இழப்பீர்கள். முன்பதிவு செய்த எதற்கும் அதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

கேள்வி (ராலே): தஞ்சாவூரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி. அவர்களால் எதை ரசிக்க முடியும்?

ஏராளமாக ரசிக்கலாம். நியூஃபவுண்ட் கேப் கணவாயில், 5,046 அடி உயரத்தில், காரை விட்டு இறங்கினாலே இரு மாநிலங்களின் மலைத்தொடர்களும் நீலப் புகைக்குள் அடுக்கடுக்காகத் தெரியும். அந்தப் புகை, காட்டு மரங்கள் வெளிவிடும் ஆவிகள் காற்றில் கலந்து உண்டாவது. 1940 செப்டம்பர் 2 அன்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் இந்தப் பூங்காவை நாட்டுக்கு அர்ப்பணித்ததும் இங்குள்ள கல்மேடையிலிருந்துதான். ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை செல்லும் அப்பலாச்சியன் நடைபாதை இந்த வண்டி நிறுத்துமிடத்தின் ஓரமாகவே போகிறது; அப்பாவுக்கு விருப்பமிருந்தால் அதில் நூறடி நடந்துவிட்டு வரட்டும்.

அங்கிருந்து ஏழு மைலில் இருக்கும் குவோஹி, 6,643 அடியில் பூங்காவின் மிக உயர்ந்த சிகரம். கிளிங்மன்ஸ் டோம் என்று வழங்கிவந்த அதற்கு, 2024 செப்டம்பரில் செரோக்கிப் பழங்குடி மக்களின் பழைய பெயர் மீண்டும் வந்தது; எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் உச்சியிலுள்ள கோபுரத்துக்குச் செல்லும் அரை மைல் பாதை, தளம் போடப்பட்டிருந்தாலும், மிகச் செங்குத்தானது. அம்மாவை அதில் ஏற்ற வேண்டாம். வண்டி நிறுத்துமிடத்திலிருந்தே காட்சி நிறைவாக இருக்கும். கீழே வெயில் அடிக்கும்போதும் மேலே குளிர் நடுக்கும் என்பதால் ஸ்வெட்டரும் சால்வையும் கையில் இருக்கட்டும். ஷுகர்லாண்ட்ஸ் அருகே ஓடையோரமாக, சக்கர நாற்காலியும் செல்லும்படி சமதளமாக அமைத்த அரை மைல் பாதை ஒன்று உண்டு. அம்மாவுக்கு நான் பரிந்துரைப்பது அதைத்தான்.

கேள்வி (பர்மிங்ஹாம், அலபாமா): நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

கேபின் என்னும் தனி மரவீட்டை வாடகைக்கு எடுத்தால் முழுச் சமையலறையும் இருக்கும். அரிசி, பருப்பு, குக்கர் கொண்டு செல்வதே சிறந்தது. வெளியே சாப்பிட, அந்த ஊர் பான்கேக் கடைகளுக்குப் பெயர் பெற்றது. முதல் கடை 1960இல் தொடங்கியது. காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள், பெரும்பாலானவை பிற்பகலில் மூடிவிடும். தென்மாநிலச் சமையலில் பீன்ஸ், கீரை போன்றவற்றையும் பன்றிக்கறித் துண்டு போட்டு வேகவைக்கும் வழக்கம் உண்டு. காய்கறிதானே என்று எண்ணாமல், ஒவ்வொன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

கேள்வி (அட்லாண்டா): அண்ணா, எங்கள் கேபினைச் சுற்றிக் கரடி வரும் என்று உரிமையாளரே எழுதியிருக்கிறார். சிறு பிள்ளைகளோடு போவது பாதுகாப்பா?

பாதுகாப்புதான், தம்பி, விதிகளைப் பின்பற்றினால் போதும். பூங்காவில் ஏறக்குறைய 1,900 கருங்கரடிகள் இருக்கின்றன. அவை மனிதரைத் தேடி வருவதில்லை, உணவின் வாசனையைத் தேடி வருகின்றன. குப்பையை அதற்கென வைத்திருக்கும் இரும்புப் பெட்டிக்குள் போட்டுத் தாழிடுங்கள். இரவில் மீந்த உணவையோ குழந்தையின் பிஸ்கட் பொட்டலத்தையோ காருக்குள் விடாதீர்கள். காரைக் கட்டாயம் பூட்டுங்கள். கைப்பிடியை இழுத்துக் கதவைத் திறக்க இந்தக் கரடிகள் பழகியிருக்கின்றன. உள்ளே ஏறிய பின் கதவு தானாக மூடிக்கொண்டால், வெளியேற வழி தெரியாமல் இருக்கைகளையும் கூரைத்துணியையும் கிழித்து எறிந்துவிடும்.

பூங்காவில் கரடிக்கு 50 கஜத்துக்குள் வேண்டுமென்றே நெருங்குவது குற்றம். 5,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் கிடைக்கலாம். எதிர்ப்பட்டால் ஓடாதீர்கள்; பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, அதைப் பார்த்தபடியே மெல்லப் பின்வாங்குங்கள். படம் எடுப்பதற்காக ரொட்டித் துண்டை வீசுபவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. மனிதர் கையால் உண்டு பழகிய கரடியைப் பல சமயங்களில் கொன்றுவிட நேர்கிறது.

கேள்வி (கொலம்பஸ், ஒஹையோ): எந்த மாதம் சிறந்தது?

இலைகள் நிறம் மாறுவதைப் பார்க்க அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை. கூட்டமும் அப்போது மிகுதி. டிசம்பர் முதல் மார்ச் முடியக் குவோஹி செல்லும் சாலையை மூடிவிடுவார்கள். எனக்குப் பிடித்தது ஏப்ரல் இறுதி: காட்டுப் பூக்கள் மலர்ந்திருக்கும், அறை வாடகையும் குறைவு. மே இறுதி, ஜூன் தொடக்கத்தில் எல்க்மான்ட் பகுதியில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒன்றாக ஒளிர்ந்து ஒன்றாக அணைவதைக் காணலாம். ஆனால் அதற்கான வாகன அனுமதி குலுக்கல் முறையில்தான் கிடைக்கும்.

கேள்வி (சார்லட்): ஸ்கைபிரிட்ஜ் தொங்குபாலத்துக்குக் கொடுக்கும் பணம் தகுமா? அங்கிருந்து கருகிய மரங்கள் தெரிவதாகப் படித்தேன்.

தகும், மாலையில் ஏறினால். 2019இல் திறந்த அந்தப் பாலம் 680 அடி நீளம். நடுவில் கண்ணாடித் தளத்தின் வழியே 140 அடி கீழே பள்ளத்தைப் பார்க்கலாம். இருட்டுமுன் ஏறி, விளக்குகள் எரியும் வரை மேலே இருந்துவிட்டு இறங்குங்கள். கருகிய மரங்கள் 2016 நவம்பர் 28 இரவின் தடயங்கள். மலையில் பற்றிய தீயைச் சூறைக்காற்று ஊருக்குள் தள்ளியதில் 14 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 2,500 கட்டடங்கள் எரிந்தோ சேதமடைந்தோ போயின. இன்று நீங்கள் பார்க்கும் கேபின்களில் பல அதன் பிறகு கட்டப்பட்டவை.

கேள்வி (நாக்ஸ்வில், மாணவர்): எங்களிடம் கார் இல்லை. போக முடியுமா?

ஊருக்குள் டிராலி வண்டி இலவசமாக ஓடுகிறது. மலைக்கு மட்டும் கார் அவசியம்; நான்கு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுங்கள். பூங்காவுக்குள் பெட்ரோல் நிலையம் கிடையாது, கைப்பேசிக்குச் சிக்னலும் அநேகமாகக் கிடைக்காது. ஆகையால் வரைபடத்தை முன்பே பதிவிறக்கி, ஊரிலேயே டாங்கை நிரப்பிக்கொண்டு ஏறுங்கள்.