மிஞ்சின சோறு, ஈயச்சொம்பு, கிறுக்கு வரகு: அடுப்படிக் கேள்விகளும் பதில்களும்

உணவு நுண்ணுயிரியல் படித்துவிட்டு 20 வருஷத்துக்கு மேல் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள் நான். வீட்டில் தினமும் சமைக்கிறவளும்கூட. எதைப் பார்த்து வாங்குவது, எப்படிச் சமைத்தால் உடம்புக்குக் கெடுதல் வராது என்று பலர் கேட்டிருந்தீர்கள். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி (மதுரை): மத்தியானம் வடிச்ச சோறு மிஞ்சினா மேடையிலயே மூடி வெச்சிருந்து, ராத்திரி நல்லா சூடு பண்ணிப் போட்டுடுவேன். சூடு பண்ணிட்டா கிருமி செத்துடும்தானே மேடம்?

பதில்: கிருமி செத்துவிடும் அம்மா. ஆனால் சாவதற்கு முன்னால் அது சோற்றில் விட்டுவைத்த நஞ்சு அப்படியே இருக்கும். பேசில்லஸ் சீரியஸ் என்கிற பாக்டீரியா வயல் மண்ணிலிருந்தே அரிசியோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அதன் வித்து உலை கொதித்தாலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் முளைத்துப் பெருகும். சமைத்த உணவுக்கு 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி செல்சியஸ் வரை ஆபத்தான சூடு என்பார்கள். நம் ஊர் அடுப்படி மேடை வருஷம் பூராவும் அதற்குள்தான் இருக்கிறது. இந்தக் கிருமி உண்டாக்கும் வாந்தி நஞ்சு குக்கர் சூட்டுக்கும் சிதையாது. வாசனையோ ருசியோ காட்டிக்கொடுக்காது. சாப்பிட்ட 6 மணி நேரத்துக்குள் வாந்தி வரும்போதுதான் தெரியும்.

மிஞ்சும் என்று தெரிந்தால், நீங்கள் சாப்பிட உட்காருவதற்கு முன்பே அந்தச் சோற்றை அகலமான தாம்பாளத்தில் பரப்பிவிடுங்கள். சட்டியில் குவிந்து கிடக்கும் சோற்றுக்கு நடுவில் விரலை விட்டுப் பாருங்கள், மேலே ஆறிப்போனாலும் உள்ளே மணிக்கணக்கில் கதகதப்பாக இருக்கும். அந்தக் கதகதப்புதான் கெடுதல். வடித்த 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போகட்டும். மறுநாளைக்குள், ஒரே ஒரு தடவை, ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிடுங்கள்.

கேள்வி (மன்னார்குடி): அப்படின்னா எங்க வீட்டுப் பழைய சோறு? தலைமுறை தலைமுறையா சாப்பிடுறோமே.

பதில்: தாராளமாகச் சாப்பிடுங்கள், நானும் சாப்பிடுகிறேன். சோறு ஆறியதும் முங்கத் தண்ணீர் ஊற்றிவிடுகிறோம். லாக்டிக் அமில பாக்டீரியா பெருகி அதைப் புளிக்க வைக்கிறது. புளிப்பு ஏறிய இடத்தில் நான் மேலே சொன்ன கிருமி சுலபத்தில் வளராது. பயணத்துக்குப் புளியோதரை கட்டிக்கொடுத்த வழக்கத்திலும் இதே சங்கதி இருக்கிறது. தட்டில் மறந்து வைத்த சோறும் பழைய சோறும் ஒன்றல்ல. பானையைத் தினம் தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள், காய்ச்சி ஆறின தண்ணீர் ஊற்றுங்கள், காலையிலேயே சாப்பிட்டு முடியுங்கள். பிசுபிசுப்போ நாற்றமோ வந்தால் கொட்டிவிடுங்கள். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு மட்டும் வேண்டாம்.

கேள்வி (சென்னை): ரசத்துக்கு ஈயச்சொம்பு வாங்கலாம்னு ஆசை. ஈயம் விஷம்னு பையன் தடுக்கிறான். யார் சொல்றது சரி?

பதில்: இரண்டு பேரும் சரி. சிக்கல் நம் சொல்லில் இருக்கிறது. வெள்ளீயம் ஒரு உலோகம், காரீயம் வேறொரு உலோகம். இரண்டையுமே வாய்வழக்கில் ஈயம் என்று சொல்லிவிடுகிறோம். ரசச்சொம்பு வெள்ளீயத்தில் செய்ய வேண்டியது. பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும் அதைத்தான். விஷம் காரீயம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்ல அதற்கு ஒரு அளவே கிடையாது. வெள்ளீயம் விலை அதிகம், காரீயம் மலிவு. அதனால் கலப்படம் நடக்கிறது. புளித்தண்ணீர் கொதிக்கும் பாத்திரத்தில் காரீயம் இருந்தால் அது ரசத்தில் கரையும்.

பார்த்தோ தட்டியோ காகிதத்தில் தேய்த்தோ வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. உலோகத்தைச் சோதித்துச் சான்று தரும் கடையில் வாங்குங்கள், அல்லது வாங்கியதை எக்ஸ்-கதிர் கருவி உள்ள பரிசோதனைக் கூடத்தில் காட்டுங்கள். சந்தேகம் தீராவிட்டால் எவர்சில்வரில் ரசம் வையுங்கள், நெய்யில் பெருங்காயமும் சீரகமும் தாளித்தால் மணத்துக்குக் குறைவே இல்லை.

நல்ல வெள்ளீயச் சொம்பாகவே இருந்தாலும் வெறுமனே அடுப்பில் வைக்காதீர்கள். எங்கள் பாட்டி வீட்டில் ஒரு நாள் யாரோ தண்ணீர் ஊற்ற மறந்து ஏற்றிவிட்டார்கள். அடிப்பக்கம் மெழுகுபோல் இளகி, வெள்ளிச் சொட்டுகளாக பர்னர் மேல் விழுந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். புளித்தண்ணீரை ஊற்றின பிறகு சொம்பை ஏற்றுங்கள், தீ சிறிதாக இருக்கட்டும்.

கேள்வி (கோயம்புத்தூர்): அரிசியைக் குறைச்சுட்டுச் சிறுதானியத்துக்கு மாறிட்டோம். வரகரிசி பளிச்சுனு வெள்ளையா கிடைக்குது. நல்ல ரகம்தானே?

பதில்: வெள்ளையாக இருந்தால் தவிட்டை முழுக்கத் தீட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். எந்த நார்ச்சத்துக்காக மாறினீர்களோ அது ஆலையிலேயே போய்விட்டது. கொஞ்சம் மங்கலாக, பழுப்போடிய அரிசியாகக் கேட்டு வாங்குங்கள். தவிடு இருந்தால் எண்ணெய்ப் பசையும் இருக்கும், சீக்கிரம் சிக்கு வாடை வரும். ஆகவே 1 கிலோ, 2 கிலோவுக்கு மேல் வாங்க வேண்டாம். கம்பு மாவு ஒரு வாரத்திலேயே கசந்துவிடும், அப்போதைக்கு அப்போது அரைப்பதுதான் வழி. கேழ்வரகில் தவிட்டைத் தீட்டும் தொல்லை குறைவு, முழுத் தானியமாகவே அரைபடுகிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது.

வரகு என்றதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘கிறுக்கு வரகு’ என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறீர்களா? அறுப்பு நேரத்தில் மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த வரகைத் தின்றால் தலை சுற்றி, கைகால் நடுங்கி, ஆளே தள்ளாடுவார். 2024 அக்டோபர் கடைசியில் மத்தியப் பிரதேசத்துப் பாந்தவ்கர் புலிகள் காப்பகத்தில் 10 யானைகள் செத்தன. அவை வயலில் வரகை ஏராளமாகத் தின்றிருந்தன. உடலைச் சோதித்தபோது சைக்ளோபியாசோனிக் அமிலம் என்கிற பூஞ்சை நஞ்சு இருந்தது. நன்றாகக் காய்ந்த வரகுக்குப் பயப்பட வேண்டாம். பூசண வாடை, கறுத்த மணிகள், ஈரப்பதம் இருந்தால் மட்டும் கழுவிச் சமைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி (டொராண்டோ): அக்கா, ஸ்லோ குக்கர்ல ராஜ்மா போட்டுட்டு வேலைக்குப் போயிடலாமா?

பதில்: கூடவே கூடாது தம்பி. வேகாத சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் என்கிற நஞ்சு இருக்கிறது, நாலைந்து விதை தின்றாலே வாந்தி வரும். ஸ்லோ குக்கரில் நடப்பதுபோல் 80 டிகிரி அளவில் மெதுவாகச் சூடேறினால் அந்த நஞ்சு குறைவதற்குப் பதில் பல மடங்கு வீரியம் ஏறுகிறது. குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிஷம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். அதன் பிறகு ஸ்லோ குக்கரில் போடலாம்.

கேள்வி (திண்டுக்கல்): கோழியைக் கழுவாமலே சமைக்கணும்னு சொல்றாங்களே? மஞ்சள், உப்பு போட்டுக் கழுவினா கிருமி போயிடாதா?

பதில்: போகாது. கழுவாமல் சமைக்கச் சொன்னால் நம் வீடுகளில் மனசு ஒப்பாது என்பதும் எனக்குத் தெரியும். அதனால் குழாயைத் திறந்துவிட்டு அதன் கீழே மட்டும் கழுவாதீர்கள். தெறிக்கிற துளி, பக்கத்தில் நறுக்கி வைத்த மல்லித்தழையிலும் வெங்காயத்திலும் போய் விழும். அவற்றைப் பச்சையாகத் தின்போம். அகலச் சட்டியில் தண்ணீர் பிடித்து உள்ளேயே மெதுவாக அலசுங்கள். பிறகு சிங்க், கத்தி, பலகை, கை எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கிருமியைக் கொல்வது சூடுதான், கறியின் நடுவில் 74 டிகிரி ஏற வேண்டும்.

கேள்வி (ஈரோடு): அப்பாவுக்குச் சுகர். வெள்ளைச் சர்க்கரையை நிறுத்திட்டு நாட்டுச் சர்க்கரை குடுக்கிறோம், சரிதானே?

பதில்: இல்லைம்மா. ரத்தத்தில் அதுவும் சர்க்கரையாகத்தான் ஏறும். கருப்பட்டியும் அப்படியே. காபியில் இனிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள், 2, 3 வாரத்தில் நாக்கு பழகிவிடும்.

கேள்வி (விழுப்புரம்): சொந்த நிலக்கடலையைச் செக்குல குடுத்து ஆட்டுறோம். சுத்தமான எண்ணெய்தானே மேடம்?

பதில்: செக்கில் சுத்தம் இருந்தால் போதாது, கடலையிலும் இருக்க வேண்டும். சரியாகக் காயாத கடலையில் பூஞ்சை பிடித்து அஃப்ளடாக்சின் உண்டாகும், நாள்பட்டால் கல்லீரலில் புற்றுநோய் உண்டாக்குகிற நஞ்சு அது. வறுத்தாலும் முழுக்கப் போகாது. ஆலையில் சுத்திகரிக்கும்போது அந்த நஞ்சு நீங்கிவிடுகிறது. செக்கு எண்ணெயில் அந்தப் படி கிடையாது, கடலையில் இருந்தது எண்ணெய்க்கும் வரும். ஆட்டக் கொடுப்பதற்கு முதல் நாள் கடலையைச் சுளகில் கொட்டி உட்காருங்கள். சுருங்கினது, கறுத்தது, பச்சைப் பூசணம் பூத்தது, பூச்சி துளைத்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். ஆடு மாட்டுக்கும் போடாதீர்கள், பால் வழியாகத் திரும்ப வீட்டுக்கே வந்துவிடும்.